சின்ன டாக்டருக்கு எந்தத் தண்ணீர்?

அந்தப் பல் மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேதி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குறடு, சுரண்டி, கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி என்று ஒருவர் வாய்க்குள் போய் வந்த எதுவும் அவள் கையால் கழுவப்பட்டு, நீராவிப் பெட்டிக்குள் வெந்து, உறைக்குள் அடங்கினால்தான் அடுத்தவர் வாய்க்குள் போகலாம். ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு துண்டு பேப்பர் டேப், அதில் நீல மையில் அன்றைய தேதி. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. டாக்டரே தேதி இல்லாத உறையை எடுத்துப் பிரித்தாலும் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

வேலையை வேலை இடத்தோடு விட்டுவிட்டு வருகிற ஜாதி இல்லை அவள். வீட்டில் சர்க்கரை டப்பா, தலைவலி மாத்திரை, பாத்திரம் தேய்க்கும் நார், எல்லாவற்றிலும் தேதி இருக்கும். ஒரு தடவை அவள் கணவர் சோபாவில் அசந்து தூங்கி எழுந்ததும், நெற்றியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாராம். இது அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை. அதனால் பாதியாவது பொய்யாக இருக்கும்.

அவர் விற்பனைக்காரர். வீடுகளுக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பது அவர் தொழில். பதினேழு வருஷமாக ஒரே கம்பெனி. அவருடைய தோல்பையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களும், இரண்டு இரும்புக் கம்பி வைத்த ஒரு கருவியும் எப்போதும் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கம்பியை விட்டு மின்சாரத்தைக் கொடுப்பார். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறிவிடும். வீட்டம்மா வாயைப் பொத்திக்கொள்வார். உண்மையில் நிறம் மாறுவது தண்ணீரில் இருக்கும் உப்பாலும் கம்பி கரைவதாலும்தான், அழுக்கால் இல்லை. இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மெஷின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் நடிப்பே கிடையாது. அவளுடைய தங்கை வீட்டில் வேறு கம்பெனி மெஷின் மாட்டியபோது, மனிதர் ஒரு மாசம் அந்த வீட்டில் தண்ணீரே குடிக்கவில்லை. டீ கொடுத்தால் குடிப்பார்.

இந்தக் குடும்பத்துக்குள் கடல் நுழைந்தது இப்படித்தான். மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு உப்புத் தண்ணீர் மீன் தொட்டி இருந்தது. அதில் ஆரஞ்சு மீன் இரண்டு, பெரிய நீல மீன் ஒன்று, கண்ணாடியில் ஊர்ந்து பாசி மேயும் ஆறு நத்தைகள், அப்புறம் ஒரு இறால். சிவப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான மீசை. நீல மீன் வந்து வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கும். இறால் உள்ளே ஏறிப் பல்லிடுக்கையெல்லாம் பொறுமையாகக் கிளறிச் சுத்தம் செய்துவிட்டு இறங்கும். பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள்கூட அதைப் பார்த்து வலியை மறப்பார்கள். எல்லாரும் அதற்குச் சின்ன டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் தேதி அக்கா ஒரு குறையும் சொல்லாத டாக்டர் அது ஒன்றுதான்.

அந்த அறையைப் புதுப்பித்தபோது தொட்டி இருந்த இடத்தில் டி.வி. வைப்பதாக முடிவானது. "தொட்டிய யார்கிட்டயாவது தள்ளி விட்டுடலாம்" என்றார் டாக்டர்.

"நான் எடுத்துக்கறேன்" என்று சொன்னது அவள் வாய்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மகள் படிப்புக்காக வெளியூர் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கவனித்துக்கொள்ள ஒரு உயிர் இல்லாதது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. கணவரைக் கவனிக்கலாமே என்பீர்கள். அவர்தான் ஏழு மணிக்கு மேல் வருகிறாரே.

தொட்டியை மாதம் ஒரு முறை வந்து பராமரித்தவர் மீன் கடைக்காரர். பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்துவந்து, அவள் வீட்டு மூன்றாவது மாடியில் தொட்டியை நிறுத்திக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிற ஆள்.

"இனி தண்ணிய நீங்கதான் பாத்துக்கணும் அக்கா" என்றார். "வாரா வாரம் ஒரு வாளி எடுத்துட்டு ஒரு வாளி ஊத்தணும். உப்பு பாக்கெட்ல தரேன். தண்ணிதான் முக்கியம். உப்பத் தவிர அதுல வேற எதுவும் இருக்கக் கூடாது."

அவள் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து ஒரு குரல். "தண்ணியா? தண்ணியப் பத்தி என் வீட்ல வந்து பேசுறீங்களா?" கணவருக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரமே சமையலறையில் இருந்த பழைய மெஷினைக் கழற்றிவிட்டு, கம்பெனியின் புத்தம்புதிய மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார். கறுப்பும் தங்கமுமாக, பார்க்கக் குட்டி பீரோ மாதிரி இருந்தது. சுத்தம் செய்த தண்ணீரில் செம்புச் சத்தைக் கலந்து தருவதுதான் அதன் பெருமை. "மனுஷனுக்கே இவ்வளவு நல்லதுன்னா, மீனுக்கு எவ்வளவு நல்லது" என்று முதல் வாளியை அவரே பிடித்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? வாங்கலாமா வேண்டாமா என்று இழுக்கிறவர்களையெல்லாம் வீட்டுக்கே கூட்டிவர ஆரம்பித்தார். தொட்டி முன்னால் நிறுத்தி, "பாத்துக்குங்க, கடலே நம்ம மெஷின் தண்ணிலதான் வாழுது" என்பார். வந்தவர்கள் சின்ன டாக்டரைப் பார்த்த கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது வாரம் நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. மறுநாள் இன்னொன்று. அந்த வாரத்துக்குள் நாலு நத்தை போய்விட்டது. சின்ன டாக்டர் கல்லுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. நீல மீன் வாயைத் திறந்துகொண்டு நின்று பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனது. தேதி அக்கா ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மேலே தேதி எழுதி ஒட்டி, மீன் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் ஒரு சின்னக் குழலில் அந்தத் தண்ணீரை விட்டு, மருந்து நாலு சொட்டு விட்டார். நிறம் மாறியது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்ல என்ன மெஷின்?"

சொன்னாள்.

"செம்பு கலக்குறதா?"

"ஆமா. புது மாடல்."

"மீன் தாங்கும். நத்தையும் இறாலும் தாங்காது அக்கா. அதுங்களுக்குச் செம்பு விஷம்."

இதைவிட அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். கருவிகளை இருபத்திரண்டு வருஷம் கிருமி அண்டாமல் காத்தவள், தன் கையாலேயே வாரா வாரம் விஷத்தை அளந்து ஊற்றியிருக்கிறாள். கடைக்காரர் நல்ல தண்ணீர் ஆறு கேன் கொடுத்தார். மிச்சச் செம்பை உறிஞ்ச ஒரு கரிப் பையும் கொடுத்து, தண்ணீர் வடிகிற இடத்தில் போடச் சொன்னார். ஐந்தாம் நாள் சின்ன டாக்டரின் மீசை கல்லுக்கு வெளியே தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். நத்தைகளுக்காகவும் சேர்த்து அழுதாள்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதுதான் முறை. ஆனால் அந்த மனிதர் முகம் வாடினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "உங்க மெஷின் தண்ணி கொன்னுடுச்சு" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு இருக்கிறதே அந்த ஒரு பெருமைதான். ஆகவே தேதி அக்கா, வாழ்க்கையில் ஒரு உறையைக்கூடப் பொய்த் தேதி போட்டு ஒட்டாதவள், ஒரு திருட்டு வேலைக்கு இறங்கினாள்.

முதலில் குழாய்த் தண்ணீரில் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்தே நாளில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகப் படலம் கட்டி, தொட்டி டீ கொட்டிய மேஜை மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு நத்தையால் எவ்வளவுதான் மேய முடியும்? அடுத்தது மருத்துவமனைத் தண்ணீர். நீராவிப் பெட்டிக்காக அங்கே ஒரு கருவி தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும். அதில் தினம் இரண்டு கேன் பிடித்து பஸ்ஸில் தூக்கிவந்தாள். இரண்டாவது வாரம் டாக்டர், "அக்கா, நம்ம பெட்டி இப்பல்லாம் ரொம்பத் தண்ணி குடிக்குதே" என்றார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோள்தான் சம்மதிக்கவில்லை. வலது கையைத் தூக்கித் தலை வாரவே முடியாமல் போயிற்று. கடையில் கேன் வாங்கலாம் என்றால் மூன்று மாடி, லிப்ட் கிடையாது.

கடைசியில் கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். வரிசையாக நாலு குழல். முதல் குழல் மண்ணையும் துருவையும் பிடிக்கும். இரண்டாவது கரி, குளோரினை எடுக்கும். மூன்றாவதில் சவ்வு, அதில் பெரும்பாலும் எல்லாம் நின்றுவிடும். அதையும் தாண்டி வருவதை நாலாவது குழலில் இருக்கும் ரெசின் மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இதுல சத்து எதுவும் சேக்காதா?"

"சேக்காது."

"மூணாவது மாடிக்கு ப்ரஷர் பத்துமா?"

"பத்தாது. சின்ன பம்ப் வெக்கணும்."

"தண்ணி வீணாகுமா?"

"ஒரு வாளி நல்லது வந்தா மூணு வாளி கழிவு. தரை துடைக்கலாம், துணி துவைக்கலாம்."

சிறியதா பெரியதா, வேகமானதா மெதுவானதா என்று அவள் நாலு நாள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். கடைக்காரர் பாவம், அந்த நாலு நாளில் ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தார். முடிவாக அவள் மனசைப் பிடித்தது ரெசின் குழல்தான். புதிதாக இருக்கும்போது நீலம். உழைக்க உழைக்கக் கீழிருந்து பழுப்பு ஏறும். முழுக்கப் பழுப்பானால் மாற்ற வேண்டும். மாட்டிய நாளை எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும், இதுதான் தன் மெஷின் என்று முடிவு கட்டிவிட்டாள்.

எங்கே ஒளித்து வைப்பது? அதில் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் நிற்கும் சந்து ஒன்று இருந்தது. இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் கணவர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அது. அங்கே பழைய போர்வை அடுக்கிய அலமாரிக்குள் நாலு குழலையும் மாட்டினாள். கழிவுக் குழாயைப் பெரிய டிரம்முக்குள் விட்டாள். கணவர் காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவார். அவளுக்குப் பதினோரு மணிக்குத்தான் வேலை. நடுவில் இருந்த இரண்டு மணி நேரம் அந்த மெஷினுக்கு.

இதில் ஒரு கூத்து கேளுங்கள். சந்தேகம் வரக் கூடாது என்று வாரா வாரம் அவர் கண்ணெதிரிலேயே கறுப்புத் தங்க மெஷினில் ஒரு வாளி பிடிப்பாள். "உப்பு கலக்கப் போறேங்க" என்று சொல்லிச் சந்துக்குள் தூக்கிப் போவாள். போய் வாஷிங் மெஷினில் ஊற்றிவிடுவாள். செம்புச் சத்துள்ள தண்ணீரில் பனியன் துவைத்துப் போட்டுக்கொண்ட விற்பனைக்காரர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

இப்படியே ஏழெட்டு மாசம் ஓடியது. இதற்கிடையில் வீட்டில் சில அதிசயங்கள் நடந்தன. கணவர் ஆட்களைத் தொட்டி பார்க்கக் கூட்டிவருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "எதுக்கு? மீனுங்க மிரளுது" என்றார். அதைவிடப் பெரிய அதிசயம், ஒரு சனிக்கிழமை எழுந்து, "இனிமே சனிக்கிழமை துணி நான் துவைக்கிறேன். உனக்குத் தோள் வலி" என்றார். தேதி அக்காவுக்குப் பகீரென்றது. ஆனால் அவர் துணியைப் போட்டு, காயவைத்து, மடித்தும் வைத்தார். அலமாரிப் பக்கம் திரும்பின மாதிரியே தெரியவில்லை. ரெண்டு வாரத்தில் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. தங்கைக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பெருமையடித்தாள்.

"அத்தானா? துணியா?" என்றாள் தங்கை. "அந்தச் செம்புத் தண்ணிய எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பாட்டில் அனுப்பி வை அக்கா."

மூன்றாவது அதிசயம் ரெசின் குழல். நாலு மாசத்தில் பழுப்பாகிவிடும் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். எட்டாவது மாசமும் அது பாதிக்கு மேல் நீலமாகவே நின்றது. மேலே அவள் ஒட்டிய டேப்பில் முதல் நாள் தேதி பத்திரமாக இருந்தது. "உங்க ரெசின் மாதிரி வராதுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

"நல்ல சரக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து மீனுக்குத் தீனி போட ஆரம்பித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கணவர் வெளிறிப்போய் வந்தார். முன்பு எப்போதோ அவர் அடித்த பெருமை ஊரைச் சுற்றி மேலாளர் காதுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலாளரே நாலு கடை முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு, கேமராக்காரரோடு வருகிறாராம். மெஷினில் தண்ணீர் பிடித்துத் தொட்டியில் ஊற்றுவதைப் படம் எடுத்து, எல்லாக் கடையிலும் ஓடவிடப் போகிறார்களாம். வட்டாரத் தலைமைக்கு ஆள் எடுக்கும் நேரம். பதினேழு வருஷமாக அவர் காத்திருந்த நாற்காலி அது.

"வேணாம்னு சொல்லிட முடியாதாங்க?" என்றாள்.

"எப்படிச் சொல்றது?" என்றார்.

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். சின்ன டாக்டர் வயிற்றுக்கு அடியில் பச்சையாக முட்டை சுமந்துகொண்டு நின்றது. இன்னொரு வாளி செம்பு உள்ளே போனால் அது பிழைக்காது. ஊற்றவில்லை என்றால் இந்த மனிதர் பிழைப்பு சிரிப்பாகிவிடும். அவளுக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று புரியவில்லை. எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு திட்டம் போட்டாள். ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வாளி வாங்கினாள். சனிக்கிழமையே தன் தண்ணீரில் உப்புக் கலந்து ஒன்றைச் சந்தில் தயாராக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஷூ. மேலாளர் உயரமான, வாசனை பூசிய மனிதர். அவரே வாளியைப் பிடித்து மெஷினில் தண்ணீர் நிரப்பினார். உப்பைக் கொட்டி மரக்கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"சார், உப்பு சரியாக் கரைய ஒரு நாள் ஆகும்" என்றாள் தேதி அக்கா. "நேத்தே ஒரு வாளி கலந்து வெச்சிருக்கேன். இத உள்ள வெச்சிட்டு அத எடுத்துட்டு வரேன்."

"அதெல்லாம் யாருக்குங்க தெரியப் போகுது? பிடிக்கிறதும் இங்கதான், ஊத்துறதும் இங்கதான். கேமரால அப்படியே தொடர்ச்சியா வரணும்" என்று மேலாளர் வாளியைத் தூக்கினார்.

அப்போது கணவர் முன்னால் வந்து, "நான் ஊத்துறேன் சார்" என்று வாளியை வாங்கினார். மூன்றே அடி நடந்தார். அவ்வளவுதான், கால் எதிலும் தட்டாமலே தடுமாறினார். முழு வாளியும் மேலாளர் ஷூவுக்குள் போயிற்று. பதினேழு வருஷத்தில் யார் வீட்டுத் தரையிலும் ஒரு சொட்டு சிந்தாத கை அது. தேதி அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல. இன்னொரு தடவை எடுப்போம்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறை சொத சொதவென்று, அரை வாளி பிடித்து உப்புப் போட்டு அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கணவரிடம் கொடுக்கவில்லை. வாளி தொட்டி விளிம்புக்கு ஏறிவிட்டது.

கணவர் தொட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார்.

"ஊத்தாதீங்க சார்."

"என்ன?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். ஆனா அது மனுஷனுக்குச் செஞ்ச மெஷின். நாம செம்பு கலக்குறோம். நமக்கு ஒண்ணும் ஆகாது. இந்த இறால் செத்துப் போயிடும். ஏற்கனவே நாலு நத்தை செத்திருக்கு. நாம ஊத்தின தண்ணிலதான்."

மேலாளர் மெதுவாக வாளியை இறக்கினார். "அப்ப இந்தத் தொட்டில இருக்கிறது எந்தத் தண்ணி?"

"என் மனைவி தயாரிக்கிற தண்ணி சார்" என்றார் கணவர். அப்புறம், வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வரும் என்று யாரும் நினைக்காத ஒன்றைச் சொன்னார். "என்னோடத விடச் சுத்தம்."

கேமராவை நிறுத்தச் சொன்னார் மேலாளர். ஈர ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு மூன்று மாடி இறங்கிப் போனார். வட்டாரத் தலைமை நாற்காலியும் அவர் பின்னாலேயே படியிறங்கிவிட்டது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கடை முதலாளிகளில் ஒருவர் மட்டும் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து, கதவருகில் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுத் தொட்டிலயும் ஏழு நத்தை செத்துச்சு. இப்பதான் புரியுது. அந்த இன்னொரு மெஷின் எங்க கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு தேதி அக்கா தரை துடைக்கும் துணியை எடுத்தாள். கணவர் இன்னொரு துணியை எடுத்து எதிரில் உட்கார்ந்தார். இருவரும் உப்புத் தண்ணீரைத் துடைத்தார்கள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள்.

"நீ மாட்டின மறு வாரம். டம்ளர் பைய மறந்துட்டேன்னு பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். நீ கடைக்குப் போயிருந்த. உள்ள கழிவுக் குழாய் சொட்டுற சத்தம். பதினேழு வருஷமா கேக்குற சத்தம். எனக்குத் தெரியாதா?"

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. வேற கம்பெனி. என் வீட்ல. அதுவும் என் போர்வைக்கு நடுவுல. உன்ன ஒரு வழி பண்ணிடணும்னு அந்த வாஷிங் மெஷின் மேல ஏறி உக்காந்தேன்." அவர் துணியைப் பிழிந்தார். "அப்புறம் கம்பிய எடுத்து உன் தண்ணில விட்டுப் பாத்தேன். பத்து நிமிஷம். நிறம் மாறவே இல்ல. அப்படி ஒரு தண்ணிய நான் பாத்ததே கிடையாது. நேரா மீன் கடைக்குப் போய் விசாரிச்சேன். நத்தை விஷயத்தைச் சொன்னாரு. அதுக்கு மேல யாரையும் இங்க கூட்டிட்டு வர மனசு வரல."

அவள் எழுந்து சந்துக்குப் போனாள். அலமாரியைத் திறந்து, போர்வையை ஒதுக்கி, ரெசின் குழலை முதல் தடவையாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். டேப் அவள் ஒட்டியதுதான், எழுத்தும் அவளுடையதுதான். ஆனால் ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. பசை போய்விட்ட டேப்பின் மேல், கோணாமல் மாணாமல், கண்ணாடி மாதிரி இன்னொரு டேப் ஒட்டியிருந்தது.

"எத்தனை குழல் மாத்தினீங்க?"

"மூணு. முதல் ரெண்டு நீ வேலைக்குப் போயிருந்தப்ப. அப்புறம்தான் சனிக்கிழமை வசதின்னு தோணுச்சு." அவர் வாசலில் அசடு வழிய நின்றார். "பாதி பழுப்பேறின குழலப் பாத்தாலே எனக்குக் கை நிக்காது. உன் எழுத்து மாதிரி தேதி எழுதிப் பாத்தேன். வரல. அதான் பழச உரிச்சு உரிச்சு ஒட்டினேன். தேதி இல்லாம இந்த வீட்ல ஒரு பொருள் இருக்க முடியுமா?"

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் புரிந்தன. தோள்வலிக்கு இரக்கப்பட்டார் என்று தங்கையிடம் ஒரு மணி நேரம் பேசியதும் நினைவுக்கு வந்தது. நாற்காலி போனதற்கு அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

அதற்குள் அவர் கிடைத்த இடத்தில் பேரம் பேசப் பார்த்தார். விற்பனைக்காரர் புத்தி எங்கே போகும்? "அதான் எல்லாம் வெளிய வந்துடுச்சே. இனிமே குழல நீயே மாத்திக்கலாம். அப்ப சனிக்கிழமை துணி…"

தேதி அக்கா பேப்பர் டேப்பில் ஒரு துண்டு கிழித்தாள். நீலப் பேனாவால் வருகிற சனிக்கிழமைத் தேதியை எழுதினாள். எட்டி அவர் நெற்றியில் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தி விட்டாள்.